ஐந்தாவது நாரை

பிள்ளை, குறை நினையாதையும், அந்தப் பாட்டை ஒருக்கா நிப்பாட்டுவீரே? சத்தம் கூட எண்டு சொல்லேல்லை. சத்தம் பரவாயில்லை. பாட்டைத்தான் சொல்லுறன். வேறை எந்தப் பாட்டெண்டாலும் போடும், நான் வாய் திறக்க மாட்டன். ஓம், ஓம், நல்ல பாட்டுத்தான். ஊர் உலகமெல்லாம் இப்ப அதைத்தானே கேக்குது.

நன்றி. இன்னுமொரு உதவி. உம்மடை பையை அந்தப் பக்கம் திருப்பி வையும். அதிலை ஒட்டியிருக்கிற படம் இஞ்சாலை தெரியக் கூடாது. நாலு பேர் கழுத்துப்பட்டியும் கறுத்தக் கண்ணாடியுமாய்க் காலிமுகத்திடலிலை நிக்கிற படம். கீழை "ஐந்து நாரைகள்" எண்டு எழுதியிருக்கு. நாலு பேரை நிப்பாட்டிப்போட்டு அஞ்சு எண்டு எழுதியிருக்கிறாங்களே எண்டு நீங்களெல்லாம் இன்ரநெற்றிலை தலையைப் போட்டு உடைக்கிறியளாம். பேத்தி சொன்னவள்.

என்ரை மனிசி இப்ப வந்திடுவாள், அதுதான். அந்தா, எனக்குப் பக்கத்திலை கிடக்கிற நீலப் பை அவளின்ரை. அனுராதபுரத்திலை தேத்தண்ணி வேண்ட இறங்கின இடத்திலை, தன்னோடை படிச்ச கமலேஸ்வரியைக் கண்டிட்டாள். அவ அடுத்த பெட்டியிலை இருக்கிறாவாம். கிளிநொச்சி வாறதுக்கிடையிலை வந்திடுவன் எண்டு சொல்லிப்போட்டுப் போனவள்.

நீர் அந்தக் கச்சேரிக்குத்தானே போறீர்? இண்டைக்குப் பின்னேரம் அஞ்சு மணிக்கு, யாழ்ப்பாணத்திலை? நாங்களும் அதுக்குத்தான் போறம். ஆனால் அவளுக்கு நான் நாளைக்கு எண்டு சொல்லி வச்சிருக்கிறன்.

உப்பிடிப் பாக்காதையும், பிள்ளை. மகள் ரிக்கற் எடுத்து என்ரை போனுக்குத்தான் அனுப்பினவள். யோகம் போன் பாவிக்கிறதில்லை. யோகாம்பிகை எண்டு பேர், நான் யோகம் எண்டு கூப்பிடுறது. இண்டைக்கு வீட்டை போய்ப் படுத்தெழும்பி, நாளைக்கு மண்டபத்தடிக்குப் போனால் அங்கை பூட்டிக் கிடக்கும். தள்ளிப் போட்டிட்டாங்களாம் எண்டு சொல்லிக் கூட்டிக்கொண்டு வந்திடுவன். அவ்வளவுதான் விசயம். நீர் ஒண்டும் பொய் சொல்லத் தேவையில்லை. அவள் வந்து கேட்டால், ஊருக்குப் போறன் எண்டு மட்டும் சொல்லும். அதுவும் உண்மைதானே?

ஏனெண்டு கேக்கிறீர். கேப்பீர்தான். சரி, சொல்லுறன். வவுனியா தாண்டியிட்டுது, இன்னும் நேரம் கிடக்கு. நீர் ஆரோ, நான் ஆரோ, இறங்கினால் பிறகு காணப்போறதில்லை.

அந்தப் படத்திலை நடுவிலை சிரிச்சுக்கொண்டு நிக்கிறான் பாரும், அவன்தான் அருள்நேசன். உங்களுக்கு நேசன் அங்கிள். எனக்கு நேசன் மட்டும். எழுபத்தொண்டிலை நான் கொழும்புக்குத் தபால் கந்தோரிலை வேலைக்குப் போகேக்கை, பம்பலப்பிட்டியிலை ஒரு சம்மறியிலை இருந்தனாங்கள். சம்மறி எண்டால் உமக்குத் தெரியாது. கலியாணமாகாத கிளாக்கர்மார் நாலைஞ்சு பேர் சேர்ந்து வாடகைக்கு எடுத்துச் சமைச்சுச் சாப்பிடுற வீடு. நேசன் சுங்கத்திலை. மற்ற மூண்டு பேரும் வேறை வேறை கந்தோர். பின்னேரம் வந்து சாரத்தைக் கட்டினால் பாட்டுத்தான். அந்த நாளையிலை தடக்கி விழுந்தால் ஒரு பொப் குழு. பாணும் பருப்பும் சாப்பிட்டுக்கொண்டு நாங்களும் ஒண்டைத் துவங்கினம். ஒருத்தன் கிற்றார், ஒருத்தன் பொங்கோ, ஒருத்தன் அக்கோடியன். நேசன் பாட்டு. நான்...

நான் அஞ்சாவது ஆள். ஓம். பஞ்சாட்சரம் எண்டு பேர். நீங்கள் தலையைப் போட்டு உடைக்கிற ஆள் இதுதான், வடிவாய்ப் பாத்துக்கொள்ளும்.

ஏன் சிரிக்கிறீர்? நம்பேல்லை என்ன? நம்ப மாட்டீர். அதுதான் சொல்லுறன்.

அந்தப் பாட்டிலை நடுவிலை ஒரு விசில் வருதல்லோ? "குடை மறந்து போனவளே" எண்டு அவன் ரெண்டாந்தரம் பாடி முடிய, பொங்கோ ஓய, தூரத்திலையிருந்து வாற மாதிரி ஒரு விசில். அது நான். தபால் பிரிக்கேக்கை விசிலடிக்கிறது என்ரை பழக்கம். கொழும்பிலை எங்கடை மேலதிகாரி ஒரு பறங்கி மனிசன், அவர் கூடக் கையை நிப்பாட்டிப்போட்டுக் கேப்பார். அந்த மெட்டு நேசன் போட்டதில்லை. நான் வெள்ளவத்தைக் கட்டுத் தபாலைப் பிரிக்கேக்கை என்ரை வாயிலை தன்பாட்டிலை வந்தது. அதைக் கேட்டுப்போட்டுத்தான் அவன் அதைச் சுத்திப் பாட்டையே கட்டினவன்.

ஒலிப்பதிவுக்குப் போனால் அங்கை ஒரே ஒரு மைக். கூரையிலையிருந்து தொங்குது. ஒருத்தற்றை சத்தம் கூடினால் ஆளைத் தள்ளி நிப்பாட்டுறதுதான் அந்த நாளையிலை முறை. அந்தச் சிங்கள எஞ்சினியர் ஐயா ஒவ்வொருத்தராய் நிப்பாட்டிக்கொண்டு வாறார். நேசன் மைக்குக்குக் கீழை, மாப்பிள்ளை மாதிரி. கிற்றார் ரெண்டு அடி. அக்கோடியன் நாலு அடி. என்னை முதல் சுவரோடை நிப்பாட்டினார். விசில் காதைக் குத்துதாம். கதவடிக்குப் போ எண்டார். இன்னும் குத்துதாம். கடைசியிலை கதவைத் திறந்து வெளியிலை, கக்கூஸ் வாசலிலை நிப்பாட்டிப்போட்டார். நான் புதுச் சேட்டு, புதுச் சப்பாத்து. கக்கூஸ் வாசலிலை நிண்டு விசிலடிச்சனான், பிள்ளை. உள்ளுக்கை அவன் பாடுறான்.

இப்ப நீங்கள் என்ன எழுதுறியள்? "மழைக்குள்ளாலை ஆரோ விசிலடிச்சுக்கொண்டு நடந்து போறது மாதிரி" எண்டு எழுதுறியள். பேத்தி வாசிச்சுக் காட்டினவள். மழையும் இல்லை, நடையும் இல்லை. பினாயில் மணம்.

அது போகட்டும். அதை நான் பொறுத்தனான். பிறகு றெக்கோட் உறைக்குப் பேர் போடுற கதை வந்தது. நேசன் ஒரு தாளிலை எழுதிக்கொண்டு வந்தான். பாட்டு, அருள்நேசன். கிற்றார், இன்னார். பொங்கோ, இன்னார். அக்கோடியன், இன்னார். கடைசியிலை, விசில், பஞ்சாட்சரம். விசில்! நீர் இந்தக் காலத்துப் பிள்ளை, உமக்கு விளங்காது. அந்த நாளையிலை எங்கடை ஊரிலை விசிலடிக்கிறவன் எண்டால் காவாலி. ஒழுங்கை முடக்கிலை நிண்டு பள்ளிக்கூடம் போற பெட்டையளுக்கு விசிலடிக்கிறவன். என்ரை அப்பா பாடசாலை அதிபர். அந்த உறை ஊருக்குப் போனால் அவர் சால்வையைத் தலையிலை போட்டுக்கொண்டுதான் நடக்கோணும். "இசை உதவி எண்டு போடு" எண்டனான். நேசன் சிரிச்சான். "நீ விசில்தானேடா அடிச்சனி?" எண்டான். எல்லாரும் சிரிச்சவை.

அந்தச் சிரிப்பு இருக்கே, அது இப்பவும் என்ரை காதுக்கை கிடக்கு. "அப்ப என்ரை பேரும் வேண்டாம், என்ரை படமும் வேண்டாம், நான் இதிலை இருந்ததாய் நீ சீவியத்திலை ஒருத்தருக்கும் சொல்லக் கூடாது" எண்டு சொன்னன். பகிடியாய் எடுத்தான். நான் விடேல்லை. கொச்சிக்கடைத் தேவாலயத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், அந்தோனியாருக்கு முன்னாலை மெழுகுதிரியிலை கைவச்சுச் சத்தியம் பண்ணுவிச்சனான். நான் சைவம், அவன் வேதக்காரன். என்ரை கடவுளிலை பண்ணினால் அவன் காப்பாத்த மாட்டான் எண்டு யோசிச்சு, அவன்ரை சாமியிலையே பண்ணுவிச்சன். மெழுகுதிரி சுட்டுக் கையிலை கொப்புளமும் வந்தது அவனுக்கு. "மச்சான், இவ்வளவு தேவையோ?" எண்டு கேட்டவன். தேவை எண்டனான். அடுத்த மாதமே ஊர்ப்பக்கம் மாற்றம் கேட்டுப் போட்டன்.

இப்ப வாறன் யோகத்தின்ரை கதைக்கு.

வடமராட்சியிலை ஒரு சின்னத் தபால் கந்தோர். நானும் ஒரு பியூனும்தான். கடிதமும் நானே, தந்தியும் நானே. அந்தக் காலம் ஞாயிற்றுக்கிழமையிலை வானொலியிலை நேயர்கள் கேக்கிற பாட்டுப் போடுறவை. போஸ்ட்காட்டிலை பாட்டின்ரை பேரை எழுதி, கீழை கேக்கிற ஆக்களின்ரை பேரை வரிசையாய் எழுதி அனுப்போணும். பாட்டுப் போட முதல் அறிவிப்பாளர் அந்தப் பேரெல்லாத்தையும் மூச்சு விடாமல் வாசிப்பார். பாட்டுக்காக எழுதினவை பாதி, பேருக்காக எழுதினவை பாதி.

ஒரு வியாழக்கிழமை தபால் பிரிக்கிறன், கையிலை ஒரு போஸ்ட்காட். முத்து முத்தான எழுத்து. பாட்டு, குடை மறந்து போனவளே. குழு, ஐந்து நாரைகள். விரும்பிக் கேட்பவர்கள், யோகாம்பிகை, தங்கச்சி, மச்சாள்.

எனக்குத் தலைக்கை ஏறியிட்டுது. கொழும்பிலையிருந்து தப்பி ஊருக்கு வந்தால், இஞ்சையும் அவன் பாட்டோ? இஞ்சையும் அவனுக்கு ரசிகையோ? முத்திரை குத்துற கட்டை கையிலை இருக்கு. குத்தேல்லை. மேசை லாச்சியைத் திறந்து உள்ளுக்கை போட்டிட்டன். அவ்வளவுதான். ஒரு விநாடி வேலை.

அடுத்த வியாழனும் வந்தது. அதுக்கடுத்த வியாழனும் வந்தது.

அவளே கொண்டு வருவாள், பிள்ளை. வெள்ளைத் தாவணி, ரெட்டைப் பின்னல். போஸ்ட்காட்டை வேண்டி, அங்கையே நிண்டு எழுதி, பெட்டிக்கை போடாமல் என்ரை கையிலை தருவாள். "ஞாயிற்றுக்கிழமைக்கிடையிலை போகும்தானே?" எண்டு கேப்பாள். "நாளைக் கோச்சியிலை போகும்" எண்டு சொல்லுவன். மற்றக் கிழமை வந்து, "இந்தக் கிழமையும் போடேல்லை" எண்டுவாள். "கன காட் வரும்தானே, உங்கடை முறை வரும்" எண்டுவன். தான் ஒரு பேர் எழுதினால் காணாது எண்டு நினைச்சாளோ என்னவோ, பேர் கூடிக்கொண்டு போச்சு. மாமா, மாமி, பக்கத்து வீடு, கிணறு இறைக்கிற ஆள். ஒரு கட்டத்திலை பேர் முடிஞ்சு போச்சுது போல, "வெள்ளைச்சி" எண்டு எழுதியிருந்தாள். கலியாணத்துக்குப் பிறகுதான் எனக்குத் தெரியும், வெள்ளைச்சி அவையின்ரை ஆடு.

நாப்பத்தொரு போஸ்ட்காட். நாப்பத்தொரு கிழமை. அதுக்குப் பிறகு வரேல்லை.

அவள் வராத அந்த முதல் வியாழன் நான் பட்ட பாடு இருக்கே. பியூன் என்ன ஐயா காய்ச்சலோ எண்டு கேட்டவன். மூண்டாம் வியாழன் தரகரிட்டை ஆள் அனுப்பினன். தையிலை கலியாணம்.

அவளுக்கு நான் அந்தக் குழுவிலை இருந்தது தெரியாது. சொல்லேல்லை. முதல் சொல்லாமல் விட்டது அப்பாவுக்குப் பயந்து. பிறகு சொல்லாமல் விட்டது, கலியாணம் முடிஞ்சு ஒரு மாதமிருக்கும், அவள் ஒரு நாள் சொன்னாள், "எனக்கு ஒரு பாட்டு நல்ல விருப்பம். எவ்வளவோ எழுதிப் பாத்தனான். ஒருக்காக்கூடப் போடேல்லை. உங்களுக்கு ஞாபகமிருக்கும், உங்கடை கையிலைதானே தந்தனான்" எண்டு. நான் ஓம் எண்டன். பிறகு என்னத்தைச் சொல்லுறது? சொன்னால் காட் வரும், காட் வந்தால் லாச்சி வரும்.

எறிஞ்சிருக்கலாமே எண்டு கேக்கிறீர். என்ன கதை பிள்ளை இது? தபாலை எறியிறதோ? முப்பத்தாறு வருசம் தபாலிலை வேலை செய்தவன் நான். ஒரு கடிதம் கிழிச்சவனில்லை, ஒரு கடிதம் எரிச்சவனில்லை. அது தப்பு. பெரிய தப்பு. வச்சிருந்தனான், அவ்வளவுதான். தொண்ணூற்றைஞ்சிலை எல்லாரும் இடம்பெயர்ந்து போகேக்கை, கலியாண அல்பத்தை விட்டிட்டுப் போனனாங்கள். அந்த நாப்பத்தொரு காட்டையும் கட்டி ஒரு துணிப் பையிலை போட்டு எடுத்தனான். காணி உறுதி எண்டு நினைச்சு அவள்தான் அதை நெஞ்சோடை அணைச்சுக்கொண்டு நடந்தவள். நான் ரெண்டு சூட்கேஸ் தூக்கினனான். பாரமெல்லாம் நான்தான்.

இவ்வளவு காலமும் ஒரு கரைச்சலும் இல்லை. அந்தக் குழுவும் இல்லை, பாட்டும் இல்லை. நேசன் கனடாவுக்குப் போனான், மற்றவை செத்தும் போச்சினம். இந்த உங்கடை வயசுப் பிள்ளையளுக்கு என்ன வந்ததோ தெரியேல்லை. ஆர் வீட்டுப் பரணிலை எந்தப் பழைய றெக்கோட் கிடக்கு எண்டு தேடித் திரியிறியள். தேடுறதெண்டால் எல்லாரையும் தேடோணும். அந்த நாளையிலை எத்தினை குழு! அதுகளை விட்டிட்டு, இவனைப் பிடிச்சு, அழுக்குத் துடைச்சு, சோடிச்சு, மேடையிலை ஏத்துறியள். அவன்ரை குரல் என்ன பெரிய குரலே? மேல் ஸ்தாயிக்குப் போனால் பூனை. கிற்றார்காரன் நல்லாய் வாசிச்சபடியாலை தப்பினவன்.

எனக்குப் பொறாமை எண்டு நினைக்கிறீர். இல்லை பிள்ளை. நான் பொறாமைப்படுற ஆளில்லை. உள்ளதைச் சொல்லுறன்.

போன மாதம் கொழும்பிலை மகள் வீட்டை நிக்கிறம். யோகம் குசினியிலை அப்பம் சுட்டுக்கொண்டு நிக்கிறாள். பேத்தி போனிலை இந்தப் பாட்டைப் போட்டாள். யோகம் அகப்பையும் கையுமாய் வெளியிலை வந்திட்டாள். "இது அந்தப் பாட்டல்லோ!" எண்டு நிலத்திலை இருந்திட்டாள். முழங்கால் ஏலாத மனிசி, நிலத்திலை. அவன் பாடுறான், பாடுறான், அவள் முகத்திலை ஒண்டுமில்லை. விசில் வந்தது. கண்ணை மூடினாள். கண்ணாலை தண்ணி ஓடுது. நாப்பத்தெட்டு வருசம் குடும்பம் நடத்தினனான், என்னைப் பாத்து அவள் அப்பிடிக் கண்ணை மூடினதில்லை.

"இந்த விசிலுக்காகத்தான் நான் எழுதினது. இதை அடிச்சது ஆர்?" எண்டு கேட்டாள். நான் அவளுக்கு நேரை, கதிரையிலை, அப்பத்தை வாயிலை வச்சுக்கொண்டு இருக்கிறன்.

அப்ப பேத்தி ஒரு பேட்டியைப் போட்டுக் காட்டினாள். நீரும் பாத்திருப்பீர். கனடாவிலை, பின்னாலை பனி கொட்டுது, நேசன் இருக்கிறான். தலை முழுக்க வெள்ளை. கேக்கிற பெடியன் விசிலடிச்சது ஆரெண்டு கேக்கிறான். இவன் என்ன சொன்னான்? "அதைச் சொல்ல மாட்டன் தம்பி. சொல்லுறதில்லை எண்டு ஒரு சத்தியம் இருக்கு" எண்டான். சொல்லிப்போட்டு ஒரு சிரிப்பு. உள்ளங்கையை வேறை தடவுறான். அந்தக் கள்ளச் சிரிப்பைப் பாத்து ஊர் முழுக்க என்ன நினைக்குது? இவர்தான் அடிச்சவர், அடக்கத்திலை மறைக்கிறார் எண்டு நினைக்குது. பேத்தியும் அதைத்தான் சொன்னாள், "அவர்தான் அம்மம்மா, வேறை ஆர்?" எண்டு. பாத்தீரே அவன்ரை கெட்டித்தனத்தை! சத்தியத்தைக் காப்பாத்துற மாதிரிக் காப்பாத்தி என்ரை விசிலைக் களவெடுத்திட்டான்.

அதோடை விட்டானே? "எங்கடை அஞ்சாவது நாரை எங்கையோ இருக்கு. யாழ்ப்பாணத்திலை நான் பாடுற அண்டைக்கு மேடையிலை ஒரு கதிரை வெறுமனே கிடக்கும். அந்த ஆளுக்கு விருப்பமெண்டால் வந்து இருக்கலாம்" எண்டு சொன்னான். ஷோ! முழு ஷோ.

இன்னொண்டும் சொன்னவன். அதை நீர் கவனிச்சீரோ தெரியேல்லை. ஏன் ரெண்டாவது றெக்கோட் போடேல்லை எண்டு அந்தப் பெடியன் கேட்டான். "வானொலியிலை ரெண்டு மாதம் போட்டுப் பாத்தவை. ஒரு போஸ்ட்காட்டும் வரேல்லையாம். ஒரு ஆள் கேட்டிருந்தால் கூடப் போட்டிருப்பினம். ஒருத்தருக்கும் பிடிக்கேல்லை எண்டு நினைச்சு நாங்களும் விட்டிட்டம்" எண்டான்.

நான் என்ன செய்யிறது? நான் ஒரு சின்னத் தபால் கந்தோர். நாடு முழுக்க எத்தினை தபால் கந்தோர் கிடந்தது! மற்ற ஆக்கள் எழுதியிருக்கலாம்தானே? மன்னாரிலை எழுதியிருக்கலாம், மட்டக்களப்பிலை எழுதியிருக்கலாம். நாப்பத்தொரு காட்டுக்காக ஒரு பாட்டுச் சாகுமோ? சாகாது. நான் யோசிச்சுப் பாத்திட்டன். ஒரு மாதமாய் அதைத்தான் யோசிக்கிறன். சாகாது.

"ஒரு காட்டும் வரேல்லையோ?" எண்டு யோகம் என்னைத் திரும்பிப் பாத்தவள். "அந்த நாளையிலை வழியிலை எவ்வளவு தபால் துலையிறது" எண்டு சொன்னன். அதுக்கு அவள் என்ன சொன்னாள் தெரியுமே? "பாவம் அந்த மனிசன். ஒருத்தருக்கும் பிடிக்கேல்லை எண்டெல்லோ நினைச்சுக்கொண்டு இருந்திருப்பார். எனக்குப் பிடிச்சது எண்டு நான் ஒருக்கா நேரிலை போய்ச் சொல்லோணும்" எண்டாள். மேடைக்குப் போய் அவனுக்குச் சொல்லப் போறாளாம். நாப்பத்தொரு காட் போட்டனான் எண்டு சொல்லுவாள். அவன் ஒண்டும் வரேல்லை எண்டு சொல்லுவான். எந்தத் தபால் கந்தோரிலை போட்டனீங்கள் எண்டு கேப்பான். அவள் திரும்பி என்னைப் பாப்பாள்.

இப்ப விளங்குதோ ஏன் நாளைக்கு எண்டு சொன்னனான் எண்டு?

உண்மையைச் சொல்லலாமே எண்டுறீர். என்னெண்டு சொல்லுறது? "யோகம், அந்த விசில் நான்தான்" எண்டால் நம்புவாளோ? அடிச்சுக் காட்டுங்கோ எண்டுவாள். பாரும் இதை. மேலை கீழை ரெண்டும் கட்டின பல்லு. மகள் வீட்டிலை குளிக்கிற அறைக்குள்ளை கதவைப் பூட்டிப்போட்டு அடிச்சுப் பாத்தனான். வெறும் காத்துத்தான் வருது. மகள் கதவிலை தட்டி, "அப்பா, மூச்சு இழுக்குதோ, பம்பைத் தரட்டோ?" எண்டு கேட்டவள். இப்ப அந்த விசில் நான்தான் எண்டு சொல்ல உலகத்திலை ஒரே ஒரு சாட்சி இருக்கு. அந்த நாய் சத்தியம் பண்ணியிருக்கு.

ஓமோம், நான்தான் பண்ணுவிச்சனான். தெரியும். அதை நீர் எடுத்துச் சொல்லத் தேவையில்லை.

மண்டபம் பூட்டிக் கிடந்தால் நாளைக்கு என்ன சொல்லுவீங்கள் எண்டு திரும்பவும் கேக்கிறீர். சொன்னனான்தானே. தள்ளிப் போட்டிட்டாங்கள், உன்ரை முறை வரும் எண்டு...

ம். அதேதான். அப்பவும் அதைத்தான் சொன்னனான்.

கொஞ்சத் தண்ணி தாரும்.

அந்தா வாறாள். பையைத் திருப்பினனீரோ? அட, படம் இஞ்சாலைதானே தெரியுது. சரி விடும், விடும், இப்ப தொடாதையும், கண்டிடுவாள்.

வா யோகம். இரு. இந்தப் பிள்ளையோ? சும்மா கதைச்சுக்கொண்டு வந்தனாங்கள். கமலேஸ்வரி சுகமே? நீ சொல்லி அவவும் நாளைக்குப் பாட்டுக்கு வாறாவோ. நல்லது. ஓம், அந்தப் படம்தான். பிள்ளைக்கும் அந்தப் பாட்டு விருப்பமாம். பிள்ளை, உம்மைத்தான் கேக்கிறாள். நீரும் நாளைக்கு வாறீரோ எண்டு கேக்கிறாள்.

ஏன் என்னைப் பாக்கிறீர்? அவளுக்கல்லோ மறுமொழி சொல்லோணும்.

யோகம், இஞ்சேர். பாட்டு நாளைக்கில்லை. இண்டைக்கு. இண்டைக்குப் பின்னேரம் அஞ்சு மணிக்கு. எனக்குத் திகதி மாறிப் போச்சு. இல்லை, மாறேல்லை. இண்டைக்குத்தான் எண்டு எனக்குத் தெரியும். ஏனெண்டு இப்ப கேக்காதை. போகேக்கை சொல்லுறன். மண்டபத்துக்குப் போறதுக்கு முதல் சொல்லுறன். உனக்குச் சொல்ல ஒரு விசயம் கிடக்கு.

பாத்தீரே பிள்ளை? நீர் பயப்பிடாமல் கதையும், இந்தப் பக்கத்துக் காது அவளுக்குக் கேக்காது, சண்டைக்கை கிட்ட ஷெல் விழுந்து வெடிச்ச நாளையிலையிருந்து. வீட்டை போகாமல் நேரை போவமோ எண்டு மட்டும்தான் கேட்டாள். பையைத் திறந்து சீப்பை எடுக்கிறாள். உம்மட்டைக் கண்ணாடி கேக்கிறாள். போனிலையே முகம் தெரியுமெண்டு சொல்லும், அதை என்னட்டைத் தாரும், நான் பிடிக்கிறன்.

பவுடர் போடுறாள், பாரும். அறுபத்தொன்பது வயசு. கலியாணத்தண்டு கூட இப்பிடிப் பாத்துப் பாத்துப் பொட்டு வச்சிருக்க மாட்டாள். விசிலடிச்ச மனிசன் பாக்கப் போறாராம், அதுக்கு. எரியுது பிள்ளை. பொறாமை இல்லை எண்டு உமக்குச் சும்மா சொன்னனான், ஐம்பது வருசமாய் எரியுது. ஆர் மேலை எரியிறதெண்டுதான் இப்ப விளங்கேல்லை.

ஓம் யோகம், ஆட்டாமல்தான் பிடிச்சுக்கொண்டிருக்கிறன்.